ஏழாம் நிரல்

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
மின்சாரம் போயிருந்த ஒரு செவ்வாய்.
பொலித்தீன் உறைக்குள் மூன்று தாளோடு வந்தார்
பேராற்றுக் கனகாம்பிகை.

ஒன்று உக்ரைன் எழுத்தில்,
பத்து வருடம் எவனோ ஒரு ஏஜென்சிக்காரனின்
அலுமாரியில் கிடந்து மஞ்சளானது.
மற்றது கொழும்பு மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு.
மூன்றாவது வெறுமை. அதை நிரப்பத்தான்
எனக்குச் சம்பளம்.

பெயர்: வேலாயுதபிள்ளை சுதர்மன்.
வயது: இருபத்துநான்கு.
காரணம்: உடல் வெப்பம் குறைந்தமை.
('குளிர்தானே பிள்ளை' என்றார்.
'குளிர்தான் அம்மா.')
ஏழாம் நிரல், இறந்த இடம்:
கிராமம், பிரிவு, மாகாணம்.

ஸக்கார்பாத்தியா மாகாணம் என்று எழுதினேன்.
மலைகளுக்கு அப்பால் என்று அர்த்தமாம்.
எந்தப் பக்கம் நின்றவன் வைத்த பெயரோ.
கிராமம் இருக்கிறது, கைப்பேசியில் தேடினேன்,
ஒரு பாலமும் பனி மூடிய கூரைகளும்.
வெலிக்கி பெரெஸ்னி என்ற பிரிவுதான்
இப்போது எந்தப் பட்டியலிலும் இல்லை.

இரண்டாயிரத்து இருபது ஆடியில்
நாங்கள் முகக்கவசத்தோடு உலர் உணவுப் பொதி
எண்ணிக்கொண்டிருந்த நாட்களில்
அங்கே கையுயர்த்தி முடித்துவிட்டார்கள்.
பதின்மூன்று பிரிவு ஆறாகிவிட்டது.
சின்னதைப் பெரியதோடு சேர்த்து
உஷ்ஹொரொத் என்று பெயர்ப்பலகை.
யார் எந்தக் கந்தோருக்கு, எந்த பஸ்ஸில்,
பிறப்புப் பத்திரம் எடுக்கப் போவது என்பதெல்லாம்
பிறகு வரும் சுற்றறிக்கையில்.

எங்கள் மாவட்டமும் ஆறுதான்.
விரல் மடித்தேன்:
கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான்,
துணுக்காய், மாந்தை கிழக்கு.
ஆறாவதற்கு மற்றக் கை வேண்டும்.
அதற்கு இரண்டு பெயர்,
முன்னால் நிற்பவரைப் பார்த்துச் சொல்லுவோம்.

'அப்ப பிள்ளையை எடுத்து
வேற இடத்தில வைச்சவையோ?'
'இல்லையம்மா. அவர் அங்கேயேதான்.
பிரிவைத்தான் மாத்தினவை.'
அவர் உறையை மடித்தார், பிரித்தார்.
'எங்களுக்கு மற்றமாதிரி.
ஆக்களை மாத்தினவங்கள்.
வட்டுவாகல், செட்டிகுளம், வலயம் நாலு.
கார்ட்டில கடைசிவரைக்கும் பேராறுதான்.'

நான் பேனையைக் குலுக்கினேன், மை இருந்தும்.

பிறகு கேட்டார்:
'அங்க விதானை ஆர்?'
இப்படி ஒரு கேள்வியை
எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் கேட்டதில்லை.
'ஏனம்மா?'
'இங்க ஒவ்வொரு வருசமும் இடாப்புக்கு வரேக்க
பெடியன்ர பேரை வெட்டாதேங்கோ எண்டு
விதானையாரைக் கும்பிட்டு வைச்சிருந்தன்.
இனி வெட்டத்தானே வேணும்.
அங்க எழுதிப்போட்டு இங்க வெட்டட்டும்.
ஒரு நாள் எண்டாலும்
ரெண்டு இடத்திலும் இல்லாமல் இருக்கக்கூடாது.'

நிரல் ஏழு இரண்டு அங்குல அகலம்.
பழைய பெயரை எழுதி
மேலே கோடிழுக்கப் போனேன்.
என் மணிக்கட்டில் அவர் விரல்.
'வெட்டாதேங்கோ. ரெண்டையும் எழுதுங்கோ.
தேடிப் போறவன்
எந்தக் கிழவனிட்டக் கேப்பானோ,
அந்தக் கிழவனுக்கு எந்தப் பேர் தெரியுமோ.'

எழுதினேன். ஓரத்தில் சிறு கையொப்பம், திகதி.
மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

போகிறார் என்று எழுந்தேன்.
அவர் போகவில்லை. பைக்குள்ளிருந்து
நாலாவது தாள் ஒன்று.
வீடு ஒரு ஜீ.எஸ். பிரிவிலாம்,
கிணறு மற்றப் பிரிவிலாம்,
இடையில் ஒரு வாய்க்கால்.
வறட்சி நிவாரணத்துக்கு வீட்டு விதானை சொல்கிறார்
கிணறு வற்றினது என் பிரிவிலில்லை.
கிணற்று விதானை சொல்கிறார்
தாகம் என் பிரிவிலில்லை.

'இதுக்கு எந்த நிரல் பிள்ளை?'

மின்சாரம் வந்தது.
மேசையிலிருந்த தாள்களெல்லாம் ஒருமிக்க எழும்ப
இரண்டு பேரும் நான்கு கைகளால்
அமத்திப் பிடித்தோம்.